வேக அனுபவ மையத்தில் வேகமாகப் போனவர்

ஆஸ்பத்திரியில் எல்லோரும் சைரன் அக்கா என்று கூப்பிட்ட பெண்மணி இருபத்தொரு வருடம் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். ஐம்பத்தைந்து வயது முடிந்தவர்கள் வண்டியைத் தொடக் கூடாது என்று நிர்வாகம் விதி போட்டுவிட்டதால், வருகிற திங்கட்கிழமை முதல் அவருக்குத் தொலைபேசி மேசையில் வேலை. மணி அடித்தால் எடுத்து, முகவரி கேட்டு, வேறு யாரையாவது அனுப்ப வேண்டும்.

பிரிவுபசாரமாக என்ன தரலாம் என்று கூட வேலை பார்த்தவர்கள் கூடிப் பேசினார்கள். சுவர்க் கடிகாரம் என்றார் ஒருவர். "இத்தன வருஷமா கடிகாரத்தப் பாத்துப் பாத்துத்தானே ஓடுனாங்க, வீட்லயும் ஒண்ணா?" என்று நர்ஸ் ஒருத்தி தடுத்துவிட்டாள். கடைசியில் அக்காவிடமே கேட்டார்கள்.

"ஒரே ஒரு தடவ, பின்னாடி யாரும் முனகாம வேகமா போகணும்" என்றார் அக்கா.

யாரும் சிரிக்கவில்லை. அக்கா வேகமாகப் போன ஒவ்வொரு முறையும் பின்னால் ஒரு உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது அவர்களுக்குத் தெரியும். ஆள் இல்லாத வண்டியை அவர் நாற்பதுக்கு மேல் ஓட்டியதில்லை. சொந்த ஸ்கூட்டரில் போகும்போது இன்னும் மோசம். "இறங்கி நடந்தா முன்னாடியே போயிருவேன்" என்று பின்சீட்டிலிருந்து புருஷன் புலம்புவது வழக்கம்.

ஆகவே, ஊருக்கு வெளியே இருக்கும் வேக அனுபவ மையத்துக்கு ஒரு டிக்கெட் வாங்கிக் கொடுத்தார்கள். பளபளப்பான டிக்கெட். 'உண்மையான பந்தயக் கார். உண்மையான பந்தயத் தடம். ஐந்து சுற்று. முழு வேகம். ஓட்டுவது நீங்களே!' என்று அதில் அச்சிட்டிருந்தது. சனிக்கிழமையோடு காலாவதி ஆகும் என்பதும் அச்சிட்டிருந்தது, கொஞ்சம் சிறிய எழுத்தில்.

சனிக்கிழமை காலை அக்கா தன் நாத்தனாரை அழைத்துக்கொண்டு கிளம்பினார். நாத்தனார் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிப்பதுபோல அவர் நிபந்தனைகளைப் படிப்பார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைக்கூட விடமாட்டார்.

வரவேற்பு மேசையில் இருந்த பெண் பதினான்கு பக்க விண்ணப்பம் ஒன்றைக் கொடுத்தாள். 'இதற்கு முன் வாகனம் ஓட்டிய அனுபவம் உண்டா?' என்பது மூன்றாவது கேள்வி. அக்கா 'உண்டு' என்று எழுதினார். அந்தப் பெண்ணின் முகம் வாடிப்போயிற்று.

"ஐயோ மேடம், உண்டுன்னு போட்டுட்டீங்களே."

"உண்டுதானே?"

"இல்லன்னு போட்டவங்க எல்லாம் நேரா வகுப்புக்குப் போயிருவாங்க. உண்டுன்னு போட்டவங்களுக்குப் பழக்கம் நீக்கணும். தனியா ஒரு மணி நேரம்."

"எந்தப் பழக்கத்த?"

"ஓட்டுற பழக்கத்தத்தான் மேடம்."

பழக்கம் நீக்கும் அறையில் அக்காவை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கால்களை முன்னால் நீட்டி, கைகளை மடியில் வைத்து, எதிரே இருந்த வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கால் தானாக பிரேக்கைத் தேடினால் மேற்பார்வையாளர் குறித்துக்கொள்வார். அக்காவின் கால் பதினேழு முறை தேடியது. வாசலில் ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்த சத்தம்தான் பாதிக்கும் மேலான தடவைக்குக் காரணம் என்று அக்கா சொல்லிப் பார்த்தார். அதையும் குறித்துக்கொண்டார்கள்.

அடுத்து மனத் தயார்நிலை அலுவலர். அவர் மேசைமேல் ஒரு பொம்மைக் கார் இருந்தது.

"நீங்க இதுவரைக்கும் போன அதிகபட்ச வேகம் என்ன?"

"நூத்தி முப்பது."

"எந்த மாதிரி சூழ்நிலையில?"

"எதிர்த்தடத்துல. மழை. வைப்பர் வேற ஒண்ணுதான் வேலை செஞ்சுது. பின்னாடி ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரி வாசலுக்கு வரவும் குழந்தை பொறக்கவும் சரியா இருந்துச்சு."

அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பரிவோடு அக்காவைப் பார்த்தார். பிறகு எழுதினார். தலைகீழாகப் படிக்கத் தெரிந்த ஒருவர் எதிரே உட்கார்ந்திருப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. நாத்தனார் படித்துவிட்டார்: 'கற்பனை வளம் அதிகம். வேகம் குறித்து மிகை எண்ணங்கள் உண்டு. கண்காணிக்கவும்.'

அதற்குப் பிறகு தீப்பிடிக்காத உடை, ஒரே அளவில். அக்காவுக்குக் கை விரல்களைத் தாண்டியும் தொங்கியது. அந்தக் கோலத்தில் அவரை ஒரு மேடையில் ஏற்றி, கையில் ஒரு கோப்பையைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள்.

"இன்னும் ஓட்டவே இல்லையே?" என்றார் அக்கா.

"ஓட்டுனதுக்கு அப்புறம் சில பேருக்கு முகம் நல்லா இருக்கறதில்ல மேடம்" என்றார் படம் எடுத்தவர். "என்னமோ, ஏமாந்த முகமா இருக்கும்" என்று அவராகவே சேர்த்துக்கொண்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

வகுப்பறையில் அக்காவைத் தவிர நான்கு பேர் இருந்தார்கள். ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர், பல் டாக்டர் ஒருவர், புதிதாகக் கல்யாணமான ஜோடி. மையத்தின் இயக்குநர் வந்தார். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும் என்று சைகை வந்தது. நின்றார்கள்.

"வேகம்கறது சக்கரத்துல இல்ல" என்று இயக்குநர் தொடங்கினார். "வேகம் மனசுல இருக்கு. சக்கரத்துல வேகத்தத் தேடுறவன் பாமரன். இந்த மையம் தொடங்கிப் பதினோரு வருஷம். இதுவரைக்கும் ஒரு விபத்து உண்டா? ஒரு கீறல் உண்டா? டயர் மாத்தினது உண்டா? மத்த மையங்கள்ல போய்க் கேட்டுப் பாருங்க, வருஷத்துக்கு நாலு செட் டயர் போகுது. நாங்க திறப்பு விழாவுக்கு மாட்டுன டயர்தான் இன்னைக்கும். அதுல முள்ளு முள்ளா ரப்பர் முடி இருக்கும் பாருங்க, அதுகூட உதிரல. அவ்வளவு தரம்."

வங்கி அதிகாரி கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அக்காவின் சட்டைக் கை தொங்கியதால் சத்தம் வரவில்லை.

பிறகு பயிற்சி. பயிற்சியாளருக்கு நாற்பது வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி, முறுக்கிய மீசை. வாசலில் இருந்த விளம்பரப் பலகையில் நெருப்புக்கு நடுவே நின்றவர் அவர்தான். ஐந்து பேரையும் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஆளுக்கொரு தட்டைக் கையில் கொடுத்தார். தட்டுதான் ஸ்டியரிங். இன்ஜின் சத்தத்தை வாயால் போட வேண்டும்.

"அடிவயித்துலருந்து வரணும். உர்ர்ர்... கியர் மாத்தும்போது ஒரு சின்ன இடைவெளி. உர்ர்ர்... உம்... உர்ர்ர்ர்!"

வங்கி அதிகாரி முதல் தரத்தில் தேறினார். புதுப்பெண் சிரித்ததால் மறுபடி முதலிலிருந்து உறும வேண்டியதாயிற்று. அக்கா வாயைத் திறக்கவே இல்லை.

"மேடம், சத்தம் வரலையே?"

"வண்டி போடும். எனக்கு எதுக்கு?"

"இப்படி எல்லாரும் கேக்க ஆரம்பிச்சா நாங்க எப்படி மதிப்பெண் போடுறது?"

அறையின் பின்புறம், எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்த மெக்கானிக் மட்டும் தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது.

மதியம் ஒன்றரை மணிக்கு ஒருவழியாகத் தடத்துக்கு அழைத்துப்போனார்கள். மற்ற நால்வரும் ஒவ்வொருவராகப் போய் முடித்துவிட்டுச் சான்றிதழோடு பந்தலுக்குள் உட்கார்ந்தார்கள். கடைசியாக, அதுவரை தடம் தெரியாத கொட்டகையில் காக்க வைத்திருந்த அக்கா.

கார் சிவப்பாக, தரையோடு படுத்த மாதிரி இருந்தது. அக்காவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் பயிற்சியாளர். இருக்கைப் பட்டைகளை இழுத்து மாட்டியதும்தான் முன்னால் நின்ற ஜீப்பைக் கவனித்தார். ஜீப்புக்கும் காருக்கும் நடுவே கைப்பருமனில் ஒரு கயிறு.

"இது எதுக்கு?"

"பாதுகாப்புக்கு மேடம்."

"இன்ஜின் ஓடுதா?"

"ஓடுது மேடம். வேலைய மட்டும் ஜீப்பு பாத்துக்கும்."

ஜீப் நகர்ந்தது. கார் பின்னாலேயே நகர்ந்தது. கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில் பந்தய இன்ஜின் உறுமியது. முள் இருபத்தைந்தைத் தொட்டுவிட்டு, தொட்டது தப்போ என்பதுபோல இருபத்து மூன்றுக்கு வந்தது. ஓரமாக ஒரு நாய் கூடவே நடந்து வந்து, பாதி வழியில் சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு சுற்று முடிந்ததும் ஜீப் நின்றது. ஒலிபெருக்கியில் கூட்டம் ஆரவாரித்தது.

இயக்குநர் ஒரு தட்டில் சான்றிதழோடு வந்தார். 'இவர் எமது தடத்தில் மணிக்கு 212 கிலோமீட்டர் வேகத்தில் காரோட்டினார் என்று சான்றளிக்கிறோம்.' கீழே பங்கேற்பாளர் கையெழுத்து.

"அஞ்சு சுத்துன்னு போட்டிருக்கே?" என்றார் அக்கா.

"ஒரு சுத்து கார்ல. மீதி நாலு சுத்து மனசுல. கையெழுத்துப் போடுங்க."

அக்கா பேனாவை வாங்கவில்லை. ஒவ்வொரு பயணம் முடிந்ததும் புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், ஓடிய தூரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர் அவர். பத்து நிமிஷம் தாமதமாகச் சேர்ந்து ஆள் போய்விட்ட நாளில்கூட, பத்து நிமிஷம் தாமதம் என்றுதான் எழுதினார். மேலதிகாரி கூப்பிட்டுக் கத்தினார். அப்போதும் மாற்றி எழுதவில்லை.

"நான் போகாத வேகத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"எல்லாரும் போட்டிருக்காங்க மேடம்."

"அது அவங்க இஷ்டம்."

"சான்றிதழ் வேணாம்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்ல. அதுக்கு எங்ககிட்டப் படிவமே கிடையாது."

"அப்ப விடுங்க. நான் இறங்கிப் போறேன்."

"அதெப்படி? விதி நாப்பத்தொண்ணு!" என்றார் இயக்குநர். விதிகள் எல்லாம் அவரே எழுதியவை. அந்தப் பெருமையில் மனப்பாடமாகச் சொன்னார்: "'சான்றிதழில் கையெழுத்திட்ட பின்னரே பங்கேற்பாளர் காரை விட்டு இறங்கலாம்.'"

அக்கா பட்டையை அவிழ்க்கப் போன கையை எடுத்துவிட்டார்.

"சரி. இறங்கல."

இயக்குநருக்கு முதலில் விளங்கவில்லை. அக்கா சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டதும் விளங்கியது.

அப்படி ஒன்றே கால் மணி நேரம் போயிற்று. வெயில் கொளுத்தியது. நாத்தனார் தண்ணீர் பாட்டிலோடு தடத்துக்குள் வந்து, கார் நிழலில் உட்கார்ந்து, வரவேற்பு மேசையிலிருந்து எடுத்துவந்த விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். இயக்குநர் ஒலிபெருக்கியைக் கையில் எடுத்தார். இரண்டடி தூரத்தில் இருந்தவரிடம் ஒலிபெருக்கியில் பேசினார்.

"மேடம், தயவு செஞ்சு யோசிச்சுப் பாருங்க. வர்றவங்க எல்லாரும் ஓட்டணும்னு ஆரம்பிச்சா, இது என்ன ரோடா? இது ஒரு மையம்! நாங்க வேகத்தப் பாதுகாக்குறோம். செலவழிக்கிறதுக்கு இல்ல!"

"அண்ணி" என்றார் நாத்தனார், தலையைத் தூக்காமல். "விதி நாப்பத்திரெண்டு கேளு. 'பங்கேற்பாளர் காரில் அமர்ந்திருக்கும்வரை அனுபவம் தொடர்ந்து நடப்பதாகக் கருதப்படும்.' அப்போ அனுபவம் நடந்துகிட்டு இருக்கு. டிக்கெட்ல அஞ்சு சுத்து, முழு வேகம். ஒண்ணு போச்சு. நாலு பாக்கி."

"அது வேற அர்த்தத்துல எழுதினது" என்றார் இயக்குநர்.

"எழுதினப்புறம் என்னங்க வேற அர்த்தம்? எங்க ஆபீசுக்கு வந்து இப்படிச் சொல்லிப் பாருங்களேன்."

"கயிறு கட்டியிருக்கு. பாதுகாப்பு! கயித்தத் தொடக் கூடாது!"

"விதி பதினேழு" என்றார் நாத்தனார், பக்கத்தைத் திருப்பி. "'கயிற்றைக் கட்டுவதும் அவிழ்ப்பதும் மெக்கானிக்கின் பொறுப்பு. இதில் வேறெவரும் தலையிடலாகாது.' வேறெவரும்னா நீங்களும்தான்."

மெக்கானிக் அதுவரை தூணோரமாக நின்றிருந்தார். பதினோரு வருடமாக அந்த இன்ஜினுக்கு எண்ணெய் மாற்றி, துடைத்து, காலையில் ஒருமுறை உயிர் கொடுத்து, அது மூச்சை இழுக்கும் முன்பே அணைத்து வந்த மனிதர். யாரையும் பார்க்காமல் நடந்து வந்தார். கயிற்றின் முன் குந்தி உட்கார்ந்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது. கடப்பாரை முனையால் நெம்பி அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, ஜீப்பை ஓரமாக ஒதுக்கச் சொல்லிக் கைகாட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"அக்கா, ஆறு கியர் இருக்கு. ஒண்ணாவதுக்கு மேல நானே போட்டதில்ல. இரண்டாவது வளைவுல மட்டும் மண் கிடக்கும், வெளிப்பக்கம் போயிராதீங்க."

"என் அனுமதி இல்லாம கார எடுக்கக் கூடாது" என்றது பக்கத்து இருக்கை. பயிற்சியாளர். அவர் இத்தனை நேரமும் இறங்கவில்லை என்பதையே எல்லோரும் மறந்திருந்தார்கள்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "குடுக்க மாட்டீங்களா?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கண்கள் சின்னதாக, தூக்கம் கெட்டவர் கண்கள் மாதிரி இருந்தன. "மீசையப் பாத்துத்தான் என்ன வேலைக்கு எடுத்தாங்க" என்று தணிந்த குரலில் சொன்னார். "நான் நாப்பதத் தாண்டுனதே இல்ல அக்கா. என் பையன் ஸ்கூல்ல எங்கப்பா ரேஸ் டிரைவர்னு சொல்லிட்டுத் திரியிறான்."

"பயமா இருந்தா இறங்கிக்குங்க."

"பயமாத்தான் இருக்கு." பட்டையை இன்னொரு முறை இழுத்து இறுக்கினார். "எடுங்க. அனுமதி."

ஒலிபெருக்கியில் இயக்குநர் கத்திய சத்தம் இன்ஜின் சத்தத்தில் முழுகிப்போயிற்று. அது வாயால் போடும் சத்தம் மாதிரி இல்லவே இல்லை.

முதல் சுற்றை அக்கா பழக்கத்தில்தான் ஓட்டினார். வளைவுக்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பு ஆடாமல் திருப்பினார். குலுங்கினால் ஸ்ட்ரெச்சர் நகரும், ஏற்றிக்கொண்டிருக்கும் பாட்டிலின் ஊசி விலகும். கண் நொடிக்கு ஒருமுறை மேலே கண்ணாடிக்குப் போயிற்று. கண்ணாடியில் தார்ச்சாலை மட்டும் சுருண்டு பின்வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே யாரும் இல்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இரண்டாவது சுற்றில் அக்கா கண்ணாடியைப் பார்க்கவில்லை.

நான்காவது கியர் விழுந்தபோது பயிற்சியாளர் ஒரு சாமியைக் கூப்பிட்டார். ஐந்தாவதில் அம்மாவை. வளைவில் பிரேக்கைக் கடைசி நொடிவரை மிதிக்காமல் வைத்திருந்து மிதித்தபோது டயர்கள் கிறீச்சிட்டன. ரப்பர் வாடை உள்ளே வந்தது. பந்தலுக்கு எதிரே இருந்த நேர்ப் பாதையில் அக்கா ஆறாவது கியரைப் போட்டார். கம்பங்கள் வேலியாயின, வேலி சுவராயிற்று. ஒலிபெருக்கிகள் உறுமியதும் ஆரவாரித்ததும் எதுவும் கேட்கவில்லை. முள் நூற்றெண்பத்தேழில் நின்றது. அக்காவின் கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது. தலைக்கவசத்துக்குள் துடைக்க வழியில்லை. துடைக்கத் தோன்றவும் இல்லை. தொண்டை கிழிய ஒரு கத்து கத்தினார். என்ன கத்தினார் என்று பிறகு கேட்டபோது அவருக்கே ஞாபகமில்லை. பயிற்சியாளரும் கத்திக்கொண்டிருந்தார். ஆனால் மூன்றாவது சுற்றிலிருந்து அவர் கத்தியது வேறு மாதிரி இருந்தது.

நான்கு சுற்று. கணக்காக நான்கு. கோட்டில் கொண்டுவந்து நிறுத்தி, கியரை எடுத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அக்கா இறங்கினார். யாரும் விதி நாற்பத்தொன்றைச் சொல்லவில்லை. காரின் மேல் கையை ஊன்றிக்கொண்டார். தகரம் சுட்டது.

மெக்கானிக் டயரைத் தடவிப் பார்த்தார். ரப்பர் முடி ஒன்றுகூட மிச்சமில்லை. முகத்தை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டார். முகம் பூரா கறுப்பாயிற்று.

இயக்குநர் பந்தலின் நடுவே மேசைமேல் ஏறிவிட்டார். ஒலிபெருக்கியை வாயருகே தூக்கினார்.

"எல்லாரும் பாத்தீங்க! நீங்கதான் சாட்சி! பதினோரு வருஷம்! இந்தத் தடத்துல பதினோரு வருஷமா ஒரு கார்கூட வேகமா போனதில்ல! முப்பதத் தாண்டுனதில்ல! அந்த நல்ல பேர இன்னைக்கு ஒரே நாள்ல கெடுத்துட்டாங்க!"

பல் டாக்டர் மடியில் இருந்த சான்றிதழைக் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"சார், அப்ப எனக்குக் குடுத்த இருநூத்திப் பன்னெண்டு?"

"அது... அது மனசோட வேகம்."

"மனசோட வேகத்த எதுல சார் அளந்தீங்க?"

இயக்குநர் விதிப் புத்தகத்துக்காகக் கையை நீட்டினார். அது நாத்தனாரிடம் இருந்தது. அவர் தரவில்லை.

பல் டாக்டர் எழுந்து, சான்றிதழை இயக்குநர் நின்றிருந்த மேசையின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தடத்துக்கு நடந்தார். காருக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வங்கி அதிகாரி இரண்டு நிமிஷம் தன் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டம் போட்டு வீட்டில் மாட்டுவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அதை நான்காக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் போய் இரண்டாவதாக நின்றார். புதுப்பெண் ஓடினாள். புருஷன் அவள் பின்னால் போனான். யாரும் சொல்லாமலேயே எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டார்கள்.

"நீ போகலியா?" என்று அக்கா நாத்தனாரைக் கேட்டார்.

"போகாம?" நாத்தனார் புத்தகத்தை அக்கா கையில் திணித்துவிட்டு, செருப்பை அங்கேயே கழற்றிவிட்டு ஓடினார்.

பயிற்சியாளர் பக்கத்து இருக்கையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. மீசை ஒருபக்கம் கலைந்திருந்தது. "அடுத்து யாரு? வாங்க, நேரமாகுது" என்று சத்தம் போட்டார். மெக்கானிக் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"நிறுத்துங்க! யாரும் ஏறக் கூடாது!" இயக்குநரின் குரல் கம்பத்துக்குக் கம்பம் எதிரொலித்தது. "காவலர்! காவலர் எங்க? உடனே இவங்கள வெளிய அனுப்புங்க!"

காவலர் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, வரிசையில் ஆறாவதாக நின்றிருந்தார்.

"கொஞ்சம் பொறுங்க சார்" என்றார். "எனக்கு முன்னாடி அஞ்சு பேர் இருக்காங்க."